உருகிப்போன கவ்வாத்துக் கத்தி

மாணிக்கவாசகத்தின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். பழைய இரும்பை உருக்கித் தெருச் சாக்கடைக்குக் கான் மூடி வார்க்கும் மாத்தளைப் பட்டறையில், இரும்பையும் பித்தளையையும் பிரிப்பது அவர் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் மகன் பிறந்தபோது, தலைமாட்டில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்தார்கள். இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாதாம். ஆறாம் நாள் வீட்டுப் பழைய இரும்பைச் சாக்கோடு கொண்டுபோனவர், காந்தத்தில் ஒட்டியதையெல்லாம் பார்க்காமலே உலையில் வீசினார். வளைந்த அலகு சிவக்கும்போதுதான் அடையாளம் தெரிந்தது. பதறிப்போய்க் காந்தத்தைக் கம்பியில் கட்டி நீட்டினார். பழுத்த இரும்பு காந்தத்துக்கு மசியாது என்பது தெரியாத மனுசனா அவர்! கத்தி உருகிக் கஞ்சியாகிவிட்டது.

அன்று சாயந்தரம் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தும் தங்கவில்லை. பிறவியிலேயே நெஞ்சில் கோளாறு என்றார் டொக்டர். மாணிக்கவாசகம் நம்பவில்லை. கத்தி எங்கே என்று மனைவி சந்திரகாந்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

அதன்பின் தெருவில் எந்தக் கான் மூடியைக் கண்டாலும் குனிந்து காந்தத்தை வைப்பார். ஆறிய இரும்பு, எல்லாமே ஒட்டும். எதில் அந்தக் கத்தி இருக்கிறதென்று யார் சொல்வது?

நாலு வருடம் போயிற்று. ஒருநாள் பட்டறைக்கு ஒட்சிசன் சிலிண்டர் இறக்க வந்த ஷிஹாமிடம் கேட்டார்.

“தம்பி, இந்தக் காத்து காந்தத்துல ஒட்டுமா?”

“லேசா இழுக்கும் அண்ணே, கண்ணுக்குத் தெரியாது. கடுமையா குளிர வெச்சு தண்ணியாக்கினா, காந்தத்துல வந்து தொங்கும்.”

அவர் பையிலிருந்த காந்தத்தைத் தொட்டுப் பார்த்தார். உருகினால் இரும்பு பிடியை விடுகிறது. தண்ணீரானால் காற்று வந்து பிடித்துக்கொள்கிறது. பிள்ளையின் கடைசி மூச்சும் அந்தக் காற்றுத்தானே?

அன்று மாலை பனிமூட்டம் லயத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு பிள்ளையின் தொட்டில் தொங்கிய இடத்தில் காந்தத்தை நீட்டிக்கொண்டு நின்றார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் கை இறங்கவில்லை.

“என்னத்தத் தேடுறீங்க?” தேத்தண்ணியோடு வந்தாள் சந்திரகாந்தா.

“கத்திய நான்தான் உலையில போட்டேன், காந்தா.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சாக்குல போட்டது நானுங்க. துருப்புடிச்சிருந்துச்சு, புள்ள மேல பட்டுருமோன்னு பயந்தேன். எங்கன்னு நீங்க கேப்பீங்கன்னு நாலு வருசமா செத்துக்கிட்டு இருக்கேன்.”

காந்தம் கைநழுவிக் கீழே கிடந்த தகரப்பெட்டியில் டக்கென்று ஒட்டியது. சத்தத்தில் பிள்ளை விழித்துவிடுமோ என்பதுபோல், இருவரும் திடுக்கிட்டுத் தொட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.