ஏழாம் போர்ட்டில் மூன்று தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், உங்களைக் கெஞ்சி உட்கார வைக்க எனக்குப் பொறுமை இல்லை. என்னிடம் அச்சடித்த தாள் இருக்கிறது. மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் இருக்கிறது.

என் பெயர் நின்ஃபா. பராகுவேயின் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இன்டர்நெட் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. அறை என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, கடகடவென்று ஆடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். நாள் முழுக்க நான் தட்டுவது பெரும்பாலும் இரண்டே கட்டளைகள். ஒன்று, நோடுகளின் நிலையைக் காட்டு. எங்கள் பதினாறு கோபுரங்களில் எது உயிரோடு இருக்கிறது, எது படுத்துவிட்டது என்று திரையில் வரும். மற்றது, போர்ட்டுகளின் நிலையைக் காட்டு. கோபுரத்தின் அடியில் இருக்கும் பெட்டியில் எந்தத் துளையில் கம்பி செருகியிருக்கிறது, என்ன வேகம், கடைசியாக எப்போது மாறியது, மேலே மின்சாரம் போகிறதா இல்லையா என்று வரிசையாகக் காட்டும்.

பழுது பார்ப்பதை எங்கள் ஊரில் மதியத்தில்தான் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரைக்கும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். நாய்கூடக் குரைக்காது. இணைப்பு போனாலும் யாரும் திட்ட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பேய்க்கும் அதுதான் நேரம். மதியத்தில் வெளியே போனால் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லியே பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். நான் படுத்ததே இல்லை.

பதினான்காம் நோடு ஊரிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். சதுப்பின் நடுவே நாற்பது மீட்டர் கோபுரம். ஆள் ஏறுவதற்கு முன்னால் உச்சிப் பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை நான் இங்கிருந்து அணைக்க வேண்டும். அவன் இறங்கிய பிறகு நான்தான் போட வேண்டும். இறங்கிவிட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்? உச்சிப் பெட்டியை அணைத்தால் அந்த வட்டாரத்தில் கைபேசியும் பேசாது; அடிப்பெட்டி மட்டும் தரைக்கம்பி வழியாக எங்களோடு பேசும். வாக்கி டாக்கி வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறோம். "பார்க்கலாம்" என்பார் சங்கத் தலைவர்.

அதனால் கோபுரம் ஏறும் ஆட்கள் தாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்கியதும் அடிப்பெட்டியைத் திறந்து, ஏழாம் போர்ட்டில் சோதனைக் கம்பியை மூன்று முறை செருகி எடுப்பார்கள். என் திரையில் ஏழு மூன்று தடவை உயிர் பெறும், மூன்று தடவை சாகும். அதைப் பார்த்த பிறகுதான் மின்சாரம். ஓர் ஆளின் உயிர் அந்த மூன்று தட்டில் இருந்தது.

ஜனவரி மாதம், கடைசி ஞாயிறு. எங்களுக்கு அது கடுங்கோடை, வெயில் நாற்பத்தொரு டிகிரி. அன்று போனவன் டெர்லிஸ்.

"அக்கா, ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிடுவேன். நான் உருகிட்டேன்னா கரண்டி எடுத்துட்டு வந்து வழிச்சுக்கோ."

"வாயை மூடிட்டு, இன்னொரு குடம் தண்ணி எடுத்துட்டுப் போடா."

எடுத்துக்கொண்டு போகவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

12:40. ஏழாம் போர்ட்டில் ஒரே ஒரு தட்டு. வந்துவிட்டேன், ஏறப் போகிறேன் என்று அர்த்தம். நான் உச்சி மின்சாரத்தை அணைத்தேன். நிலையைப் பார்த்தேன். மேலே மின்சாரம் இல்லை. சரி.

12:55க்கு என் மேலதிகாரி டான் எலிஹியோ வந்தார். ஊர் அணியின் சட்டை, கையில் டெரெரே, எங்கள் ஊரின் குளிர்ந்த மூலிகைத் தேநீர். இரண்டு மணிக்கு எங்கள் அணிக்கு இறுதி ஆட்டம். சதுப்புப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் பதினான்காம் நோடு வழியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

"ஆட்டத்துக்கு முன்னாடி முடியுமா, மகாராணி?"

"டெர்லிஸ் இறங்கினா முடியும்."

13:09:14.

டிக்.

போர்ட் மாறினால் கணினி அப்படி ஒரு சத்தம் கொடுக்கும். கட்டளையைத் தட்டினேன். ஏழு உயிரோடு இருந்தது. டிக். செத்தது. டிக்... டிக்... டிக்... டிக். மூன்று முறை.

"வந்துடுச்சு பாரு!" என்று தொடையைத் தட்டினார் எலிஹியோ. "போடு, போடு."

என் விரல் விசைக்குப் போயும் விட்டது. ஆனால் என்னவோ உறுத்தியது. ஒன்றரை மணி நேர வேலை எப்படி இருபத்தொன்பது நிமிடத்தில் முடியும்? டெர்லிஸ் அவசரக்காரன். டக் டக் டக்கென்று தட்டிவிட்டு வண்டிக்கு ஓடுகிற ஆள். இங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் நான்கு நொடி. மூன்றரை இல்லை, ஐந்து இல்லை. நான்கு.

மறுபடி நிலையைப் பார்த்தேன். அவன் கருவியைச் செருகினால் வேகம் ஆயிரம் என்று வரும். வந்திருந்தது பத்து. பத்தில் ஓடும் கருவி எங்கள் சங்கத்திலேயே கிடையாது. வந்த தரவு, பூஜ்யம். போன தரவு, பூஜ்யம். மறுமுனைக் கருவியின் முகவரி, இல்லை.

"இது டெர்லிஸ் இல்லை," என்றேன்.

"பின்ன யாரு, அவங்க மாமனாரா?" எலிஹியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இசபெலினோ ஆள் இறங்கறதுக்கு முன்னாடியே போட்டான். நீ இறங்கின பிறகும் போட மாட்டேங்கற. உங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய அறிவாளின்னு எனக்குத் தெரியலை!"

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே கோபுரத்தில் சிரிலோ என்பவன் மின்சாரம் தாக்கிச் செத்தான். அப்போது இந்த நாற்காலியில் இருந்தவர் இசபெலினோ. மூன்று தட்டு வந்ததால்தான் போட்டேன் என்று கதறினார். அடிப்பெட்டி கருகிப் போயிருந்தது, அதனால் பதிவு எதுவும் மிஞ்சவில்லை. யாரும் நம்பவில்லை. வேலையை விட்டுத் துரத்தினார்கள். அவர் இடத்துக்குத்தான் நான் வந்தேன். உண்மையைச் சொல்கிறேனே, நானும் அவரை நம்பவில்லை.

"இன்னொரு தடவை கேட்கிறேன்," என்றேன். இங்கிருந்து ஏழாம் போர்ட்டை இரண்டு முறை மூடித் திறந்தால் அங்கே விளக்கு அணைந்து எரியும். கீழே நிற்பவன் அதற்கு ஒரே ஒரு தட்டுதான் பதில் தர வேண்டும். இதுவும் எங்கள் வழக்கம்தான்.

மூடித் திறந்தேன்.

13:14:02. டிக். நான்கு நொடி. டிக்.

மூன்று.

ஒன்று இல்லை. சரியான பதில் தெரியாதவன் கீழே நிற்கிறான்.

ஏழாம் போர்ட்டை ஒரேயடியாக மூடிவிட்டேன். கட்டளையால் மூடிய போர்ட் கம்பியைச் செருகினாலும் உயிர் பெறாது. பெறவே முடியாது. நிலையைக் கேட்டேன். 'கட்டளையால் மூடப்பட்டது' என்று வந்தது. அதே வரியில், பக்கத்திலேயே...

'இணைப்பு: உண்டு.'

டிக்.

பயமாக இல்லையா என்று கேட்காதீர்கள். பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கோபுரத்தின் மேலே ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என் கையாலேயே அவனைக் கொல்லச் சொல்லி இது கேட்கிறது!

"சிரிலோ, நீயாவே இருந்தாலும் சரி," என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். "போட மாட்டேன்!"

"பைத்தியமாடி நீ? நகரு, நான் போடறேன்." எலிஹியோ கையை நீட்டினார்.

கீபோர்டைப் பிடுங்கினேன். வயரோடு. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தேன்.

"வேலை போயிடும், நின்ஃபா!"

"போகட்டும்! நீங்களே வந்து இந்த நாற்காலியில உட்காருங்க!"

13:17. தெருவில் ஒரு ஈ, காக்காய் இல்லை. எதிரில் கால்நடை மருந்துக்கடை. அங்கே மட்டும்தான் சதுப்புப் பண்ணைகளோடு பேசும் ரேடியோ இருந்தது. மதியத் தூக்கத்தில் ஒருவரை எழுப்புவது எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். கீபோர்டாலேயே கதவை இடித்தேன். கடைக்காரம்மா தெயோலிந்தா உள்பாவாடையோடு வந்து நின்றாள்.

"ஏன்டி, யார் செத்தா?"

"இன்னும் சாகலை. கோபுரத்துப் பக்கத்துப் பண்ணையைக் கூப்பிடுங்க. ஒரு ஆளைக் குதிரையில அனுப்பச் சொல்லுங்க. இப்பவே!"

"இந்த நேரத்துலயா? எவன்டி போவான்?"

"போகலைன்னா நான் நடந்தே போறேன்னு சொல்லுங்க!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரேடியோவை எடுத்தாள். பண்ணை ஆள் முதலில் முடியாது என்றான். அவனை அவள் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது. இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு, கையில் ரேடியோவோடு கிளம்பினான்.

13:26. அறைக்குத் திரும்பினேன். எலிஹியோ சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். டெரெரே தரையில் கொட்டிக் கிடந்தது. சட்டை நனைந்திருந்தது.

"நான் தொடலை," என்றார். "சத்தியமா தொடலை."

திரை நகர்ந்துகொண்டிருந்தது.

கீபோர்டு என் கக்கத்தில். அதன் வயர் தரையில் இழுபடுகிறது. ஆனால் அங்கே கட்டளை ஓடுகிறது.

பதினான்காம் நோடு. நிலையைக் காட்டு.

மேலே மின்சாரம்: இல்லை.

நான்கு நொடி.

பதினான்காம் நோடு. நிலையைக் காட்டு.

மேலே மின்சாரம்: இல்லை.

நான்கு நொடி...

யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போட்டுவிட்டேனா என்று.

எலிஹியோ சிலுவை போட்டுக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தேன். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எத்தனை தடவை வேணும்னாலும் பாரு," என்றேன். "இல்லைன்னா இல்லை."

இல்லை. இல்லை. இல்லை.

13:31:50. நின்றது.

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. சதுப்புப் பக்கம் முழுக்க இருட்டு. தொலைபேசி விடாமல் அலறியது. தலைவர் ஒருமுறை, அவர் மச்சான் மூன்று முறை. எவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஓர் ஆட்டம்தானே. ஊரே என்னைத் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

14:22. தெயோலிந்தா தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். இந்தத் தடவை பாவாடைக்கு மேல் ஒரு துண்டு.

"மேலயே இருக்கான்டி! பெல்ட்டுல தொங்கறான். வெயில்ல மயங்கிட்டான். உயிர் இருக்கு. ரெண்டு பேர் ஏறி இறக்கிட்டிருக்காங்க. கையில மின்சாரக் கம்பி, தோல் உரிச்ச முனை. அதை இறுக்கிப் பிடிச்ச கை இன்னும் விடலையாம்."

எலிஹியோ அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

டெர்லிஸ் பிழைத்தான். நான்கு நாள் மருத்துவமனை. ஏறிய கால் மணி நேரத்தில் தலை சுற்றியதாம், அதற்குப் பிறகு ஒன்றுமே ஞாபகம் இல்லையாம். அடிப்பெட்டி பூட்டித்தான் இருந்தது. சாவி அவன் இடுப்பில். சோதனைக் கம்பி அவனுடைய பையில், அவனோடு நாற்பது மீட்டர் உயரத்தில். பண்ணை ஆட்கள் பூட்டைத் திறந்து பார்த்தபோது ஏழாம் போர்ட் காலி.

'கருவிக் கோளாறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் தலைவர். போடவில்லை. வாக்கி டாக்கி வரும்வரை எந்த நோடையும் அணைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடம் வராதது ஐந்து நாளில் வந்தது.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. சிரிலோதான், பாவம், துணைக்கு ஆள் தேடுகிறான் என்றார்கள். எலிஹியோ அவன் பெயரில் பூசை வைத்தார். நானும் சிரிலோ என்றே நினைத்தேன்.

அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு இசபெலினோவைப் பார்க்கப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்க பொய் சொல்லலை, அண்ணே. நானும் உங்களை நம்பலை. மன்னிச்சிடுங்க."

தாளை வாங்கிப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். அன்று திரையில் பார்த்ததை எல்லாம் அந்த நிமிடமே கையால் எழுதி வைத்திருந்தார், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஏழாம் போர்ட். வேகம் பத்து. தரவு பூஜ்யம். இடைவெளி நான்கு நொடி.

நேரம், 13:09:14.

"சிரிலோ துணை தேடறான்னா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணே. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவர் நோட்டை மூடினார்.

"எனக்கு இந்த மூணு தட்டும் வந்தப்போ," என்றார், "சிரிலோ கோபுரத்து மேல உயிரோட இருந்தாம்மா."