மச்சான் பிடிக்கும் குழாய்

என் வாழ்நாளில் நான் விமானத்திலிருந்து குதித்தது ஒரே ஒரு முறை. குதித்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. வளைகுடாவில் கடலோரம் இருக்கும் ஒரு ஸ்கைடைவிங் கிளப்பில் ஒன்பது வருடங்களாகப் பாராசூட் மடிக்கும் வேலை எனக்கு. இறங்கி வருகிறவர்கள் துணியையும் கயிறுகளையும் குவியலாக அள்ளிக்கொண்டு வந்து போடுவார்கள். நாங்கள் சிக்கெடுத்து, மடித்து, பைக்குள் அடக்கி, அடுத்த ஆளுக்குத் தயாராக வைப்போம். ஒரு நாள் வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு குதிப்பு இலவசம் என்றார்கள். பயிற்சியாளர் ஒருவர் என்னைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தார். சந்தைக்குக் கட்டிக்கொண்டு போகும் சேவலுக்கு அந்தப் பயணத்தில் என்ன பங்கு உண்டோ, அவ்வளவுதான் எனக்கும். பாராசூட் விரியும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. விரிந்தபிறகு சிரித்தேன். வீடியோவில் அந்தச் சிரிப்பு மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

யாரை ஸ்கைடைவர் என்று சொல்லலாம் என்பதில் கிளப்பில் யாருக்கும் குழப்பம் கிடையாது. கட்டிக்கொண்டு குதிப்பவர்கள் பயணிகள். தனியாகக் கதவருகே நின்று, உயரத்தைத் தானே பார்த்து, பாராசூட்டைத் தானே விரித்து, அது மக்கர் செய்தால் இரண்டாவதை எடுக்கத் தெரிந்து, இப்படிப் பல தடவை முழுசாக இறங்கியவனுக்குத்தான் அந்தப் பெயர். அப்படி இறங்கியவர்களிலும் சிலர் வாய்திறந்து தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தவனெல்லாம் டிரைவர் ஆகிவிட மாட்டான் என்று, புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு உபதேசம் எனக்கில்லை என்பார்களே, அந்தக் கதைதான். வீடியோவை என் மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அது எங்கள் ஊரான திரேஸ்புரம் முழுக்கச் சுற்றியது. அடுத்த விடுமுறைக்கு நான் வந்து இறங்கியபோது மாதா திருவிழா நேரம். கோயிலுக்குப் போகும் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு, அதில் வானத்தில் நான். எனக்குப் பின்னால் என்னைச் சுமந்துகொண்டிருந்த பயிற்சியாளரைக் கம்ப்யூட்டரில் சுத்தமாக அழித்துவிட்டிருந்தார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். இது பொய் என்று சொல்ல அங்கே ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது. நான் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் தங்கச்சியின் மாப்பிள்ளை சங்குக்கு மூழ்குகிறவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து நீளமான குழாயில் காற்று போகும், அந்தக் குழாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலடியில் நடந்து சங்கு பொறுக்குவார். பதினைந்து வருடமாக இதுதான் அவர் பிழைப்பு. போர்டைப் பற்றி ஊரே பேசியபோது அவர், "போட்டோ நல்லா இருக்கு மச்சான்," என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்போது அப்படித்தான் வேலை செய்தது.

இரண்டு நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு ஓஸ் புடிக்க வாரியளா மச்சான்? சின்னவருக்குக் காய்ச்சல்."

சின்னவர் என்றது என் தம்பியை. அவன்தான் வழக்கமாக அவருக்கு மேலே குழாய் பிடிப்பவன். எங்கள் பக்கத்தில் மூழ்குகிறவனின் குழாயை மனைவியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. முத்துக்குளித்த காலத்தில் கயிற்றுக்கு இருந்த அந்த வழக்கம் இப்போது குழாய்க்கும் தொடர்கிறது. கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்கிற எண்ணம்தான் அதற்குக் காரணம். நான் ஒரு சொல்லில் சம்மதித்தேன். வானத்திலிருந்து குதித்தவனுக்கு ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு உட்காருவது பெரிய காரியமா என்ன?

விடியற்காலையில் கிளம்பினோம். மாப்பிள்ளை, நான், வள்ளத்தை ஓட்டும் ஒரு அண்ணாச்சி, மூன்றே பேர். ஒன்றரை மணி நேரம் ஓடியபிறகு எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டார் அண்ணாச்சி. பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழம். மாப்பிள்ளை இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார்:

"ஒரு இழுப்பு இழுத்தா ஓஸை விடுங்க. ரெண்டு இழுத்தா சங்குப் பையைத் தூக்குங்க. விடாம இழுத்தா என்னையத் தூக்குங்க. வேற ஒண்ணும் இல்ல. கண்ணு மட்டும் ஓஸ்லயே இருக்கட்டும்."

சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். கம்ப்ரசர் தடதடத்தது. காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடைந்தன. முதல் முக்கால் மணி நேரம் அவர் சொன்னபடியே செய்தேன். ஒரு பை சங்கு மேலே வந்தது.

மீதிக் குழாய் வள்ளத்துக்குள் கண்டபடி கிடந்தது. ஒன்பது வருடம் கயிறு மடித்த கை சும்மா இருக்குமா? பாராசூட்டின் கயிறுகளைச் சுருட்டி வைக்க மாட்டோம். ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம் என்று மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஒரு ரப்பர் வளையத்தில் செருகி வைப்போம். மேலே இழுபடும்போது மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று கொடுக்கும். என் கால்சட்டைப் பையில் அந்த வளையங்கள் எப்போதும் நாலைந்து கிடக்கும். அலங்கோலமாகக் கிடந்த குழாயை அதே மாதிரி மடித்து வளையம் போட்டு அழகாக அடுக்கினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "வெளிநாட்டு வேலைன்னா சும்மாவா," என்றார்.

அந்த ஒரு பாராட்டு போதுமாயிருந்தது. நான் குதித்த கதையை அண்ணாச்சி கேட்டார், சொல்ல ஆரம்பித்தேன். கதவு திறந்ததும் காற்று எப்படி அறையும் என்று சொன்னேன். விழும்போது கீழே கடல் எப்படித் தெரியும் என்றும் சொன்னேன். கண்ணை மூடியிருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

"தனியாவா குதிச்சிய?" என்றார்.

"தனியாத்தான்," என்றேன்.

அதுவரை நான் வாயால் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னதை மறுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு என் வாயே சொன்னது. செல்போனை எடுத்து போர்டின் படத்தைக் காட்டினேன். குழாய் ஒரு கையில் இருந்தது. அது ஒரு முறை இழுபட்டது. ஒரு மடிப்பு கழன்று கொடுக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி இழுபட்டது. இன்னும் வேண்டும் போல என்று நினைத்து, பார்க்காமலே கையைத் தளர்த்தினேன். பாராசூட் கயிறு நூல் மாதிரி வளையும். காற்றுக் குழாய் வளையாது, மடங்கும். கீழே அவர் நடக்க நடக்க வளையம் போட்ட இடத்தில் குழாய் இறுகி, தட்டையாகி, காற்று நின்றுபோயிருந்தது. அவர் விடாமல் இழுத்திருக்கிறார். நான் படத்தில் என் முகத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

குழாய் தொளதொளவென்று ஆனதும்தான் திரும்பிப் பார்த்தேன். வள்ளத்திலிருந்து தள்ளி ஒரு தலை மேலே வந்தது. குழாயைத் துப்பிவிட்டு, ஈய பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே மூச்சில் ஏறியிருக்கிறார். அண்ணாச்சி குதித்து அவரை இழுத்து வந்தார். நான் மேலிருந்து தூக்கினேன். மூக்கில் ரத்தம் வந்தது. குப்புறக் கிடந்து இருமிக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி குழாயைத் தடவிக்கொண்டே போய் வளையத்தில் நின்றார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாப்பிள்ளையும் தலையைத் தூக்கி அந்த வளையங்களைப் பார்த்தார். மறுபடி படுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. என்னைத் திட்டாமல் இப்படிக் கிடக்கிறாரே என்று.

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையிலும் முழங்காலிலும் வலி ஆரம்பித்தது. ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் வரும் வலி அது. முற்றினால் கைகால் விளங்காமல் போன ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. திரும்ப அதே ஆழத்துக்கு இறங்கி, நின்று நின்று மெதுவாக ஏறுவதுதான் மூழ்குகிறவர்கள் தாங்களாகச் செய்துகொள்ளும் வைத்தியம். அது தவறு, ஆளையே கொன்றுவிடும் என்று மறுநாள் டாக்டர் என்னைக் காய்ச்சி எடுத்தார். வள்ளத்தில் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கரை ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால் இருந்தது.

"திரும்ப இறங்குதேன்," என்றார் மாப்பிள்ளை.

"நான் புடிக்கேன். நீரு அங்கிட்டுப் போயி இரும்," என்று அண்ணாச்சி என்னிடம் கையை நீட்டினார். நானும் குழாயைக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கொடுத்ததில் எனக்கு நிம்மதி.

"இல்ல அண்ணாச்சி, மச்சானே புடிக்கட்டும்."

"ஏலே, உனக்குப் பைத்தியமா?"

"நான் ஏறலன்னா எம் பொண்டாட்டி மூஞ்சில போயி முழிக்க வேண்டியது இவருதான். நீங்க இல்ல."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார். அண்ணாச்சி வளையங்களைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குழாயை என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை இன்னொரு ஈயக்கட்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, குழாயைக் கடித்து, மறுபடி சிலுவை போட்டு இறங்கினார். அப்போது வந்த பயத்தை நான் விமானத்தின் கதவருகிலும் அறிந்ததில்லை. அங்கே என் உயிருக்கு வேறொருவன் பொறுப்பு. இங்கே இன்னொருவன் உயிருக்கு நான் பொறுப்பு, அதுவும் அவனைக் கொல்லப் பார்த்த அதே நாளில்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். குழாயை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது லேசாகத் துடித்தது. துடிப்பு கொஞ்சம் தாமதித்தால் என் மூச்சும் நின்றது. பாதியில் ஒரு முறை, "நான் தனியாக் குதிக்கல அண்ணாச்சி," என்றேன். அவர், "ஓஸைப் பாரும்," என்றார்.

மாப்பிள்ளை ஏறினார். வலி குறைந்திருந்தது. திரும்பி வரும் வழியில் அவரிடம், எப்போதிலிருந்து ஊர் அவரைக் குளியாளி, அதாவது மூழ்கத் தெரிந்தவர், என்று சொல்கிறது என்று கேட்டேன். எதையாவது பேசவேண்டும் போலிருந்தது.

"அது நான் சொல்லுததா மச்சான்? ஓஸ் புடிக்கவன் எங்க வீட்டுல போயி, ஏறிட்டாருன்னு சொல்லணும். அன்னைக்கு நான் குளியாளி. மறுநா திரும்ப மொதல்லருந்து."

சாயங்காலம் தங்கச்சி வீட்டில் அவர் பாயில் படுத்திருந்தார். சும்மா உடம்பு வலி என்று அவளிடம் சொல்லியிருந்தார். அவள் சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி கொண்டுவந்தாள். அதைக் கையில் வாங்கியபிறகு என்னால் அங்கே சும்மா உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வளையங்களைச் சொன்னேன், படம் காட்டியதைச் சொன்னேன், போர்டில் அழிக்கப்பட்ட ஆளையும் சொன்னேன். மாப்பிள்ளை, "விடுங்க மச்சான்," என்றார். நான் விடவில்லை.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அண்ணே, நீ மடிச்ச பாராசூட்டுக் குடையைப் போட்டுக்கிட்டு அங்கன ஆளுவ குதிக்காவல்லா?"

"ஆமா."

"அவிய எறங்குத வரைக்கும் நீ மேல பாத்துக்கிட்டு நிப்பியா?"

"இல்லளா," என்றேன். "அடுத்ததை மடிச்சிக்கிட்டு இருப்பேன்."

ஒன்பது வருடத்தில் ஒருமுறையாவது பார்த்திருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.