சத்தம் வந்தால் கை தூக்கணும்

அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காங்கேயத்தில் அத்தை புது வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேச விருந்துக்காக எங்கள் ஊரான மண்ணரையிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் எங்கள் பழைய காரில் கிளம்பினோம். சீர்த் தட்டுகள் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அம்மா பின்னால் உட்கார்ந்ததால், முன்சீட் எனக்குக் கிடைத்தது.

அம்மா கொஞ்ச நாளாகவே அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அப்பா நிட்டிங் ஷெட் போட்டிருந்தார். பனியன் துணி பின்னும் மெஷின்கள் இரவு பகலாக இரையும் இடம் அது. அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் அம்மா ஏதாவது கேட்பாள். அப்பா பேசாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடி கேட்டால் சம்பந்தமில்லாமல் 'உம்' என்பார். முதலாளி ஆனபிறகு வீட்டு ஆள் பேச்சு அவருக்குப் பெரிதாகத் தெரிவதில்லை என்று அம்மா சித்தியிடம் போனில் சொல்லி அழுததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகள் தொடங்கின. வெயிலும் நிழலும் மாறி மாறி என் மடியில் விழுந்து போய்க்கொண்டிருந்தன. அரைத் தூக்கத்தில் இருந்தேன். எங்கோ தூரத்தில் ஒரு தகர டப்பாவுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் இருந்தது.

"ஏனுங்க, முன்னால என்னமோ கடகடங்குதுங்க" என்றாள் அம்மா. அப்பா பதில் சொல்லவில்லை. அவள் குரலை உயர்த்தி இன்னொரு தரம் சொன்னாள்.

"எனக்கொண்ணும் கேக்கலியே" என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் சொன்னதாலேயே இல்லை என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போய், ஒரு வேப்பமரத்தடியில் அப்பா காரை ஓரங்கட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம் குனிந்து, அந்தச் சத்தம் எப்படி இருக்கிறது என்று போட்டுக் காட்டச் சொன்னார். நான் நாக்கை மடக்கிக் கடகடவென்று செய்து காட்டினேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வந்தா கையைத் தூக்கோணும் கண்ணு. நின்னா எறக்கீரு. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஆக்சிலரேட்டரை அழுத்தினார், சத்தம் அடங்கியது, என் கை இறங்கியது. காலை எடுத்தார், கை தானாக மேலே மிதந்தது. சத்தத்தை நான்தான் கையால் எழுப்பி, கையால் படுக்க வைப்பதுபோல் இருந்தது. அப்படியே மாலைவரை விளையாடலாம் என்று தோன்றியது.

அப்பா பானெட்டைத் திறந்தார். பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியை இன்ஜினின் ஒவ்வொரு இடமாக வைத்து, அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். கனவு காண்கிறவர்போல அவர் முகம் மாறிவிட்டது. வேப்பம்பூக்கள் அவர் தலையில் உதிர்ந்தன. கடைசியில் ஒரு இடத்தில் கண் திறந்தார். புகைக்குழாயை மூடியிருந்த தகட்டில் ஒரு போல்ட் கழன்று விழுந்துபோயிருந்தது. இன்ஜினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, நம்பர் பிளேட்டிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி அங்கே முடுக்கினார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"நின்னுருச்சா, சாமி?"

"நின்னுருச்சுங்கப்பா."

அப்பா சிரித்தார். பின்கதவோரம் நின்றிருந்த அம்மா சிரிக்கவில்லை. ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சத்தம் நின்றுவிட்டதா என்று பிள்ளையிடம் கேட்கிற மனிதரை அவள் வெறித்துப் பார்த்தாள். அவருக்கு நாலடி பின்னால் வந்து நின்று, "ஏனுங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அப்பா குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏனுங்க" என்றாள். அவர் திரும்பவே இல்லை.

அம்மா சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போனாள். அவருடைய கிரீஸ் படிந்த கையைப் பிடித்து, விருந்துக்கென்று கட்டியிருந்த பட்டுச்சேலை முந்தானையாலேயே துடைத்தாள். சேலை வீணாகிறது என்று அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை, கறை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து திரும்பும்போது, நான் ஓடிவருவதற்குள் அம்மா முன்சீட்டில் ஏறிவிட்டாள். என்னைப் பின்னால் போகச் சொன்னாள். அழுது பார்த்தேன், நடக்கவில்லை. வழி நெடுக அவள் ஒவ்வொன்றையும் சொல்வதற்கு முன்பு அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் அவள் பக்கம் தலையைச் சாய்த்த பிறகே பேசினாள். அத்தை வீட்டுச் சமையலைப் பற்றி, வாசல் நிலையைப் பற்றி, என்னென்னவோ பற்றி. வெகுநாளைக்குப் பிறகு இருவரும் அவ்வளவு பேசினார்கள். அப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பேசும் புது விளையாட்டு ஒன்றை அம்மா கண்டுபிடித்துவிட்டாள், என்னை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற கோபத்திலேயே நான் பின்சீட்டில் தூங்கிப்போனேன்.