கொலைக்கதையின் முடிவு

திருகோணமலையிலிருந்து ஒரு பத்திரிகைக்குப் புத்தகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வைகாசி வெயிலில் வாசித்தவற்றுள் நான்கைச் சிபாரிசு செய்தேன்: ஒரு கடற்பயண நூல், மிளகாய்ச் செய்கை பற்றிய நூல், கவிதைத் தொகுதி, ஒரு கொலைக்கதை.

சில வாரங்களில், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒருவர் அந்தக் கொலைக்கதையோடு என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மனைவிக்குப் பின்னேரங்களில் அதை வாசித்துக் காட்டுகிறாராம்.

"தம்பி, கொலை செய்தது ஆர்?"

"அதைச் சொன்னால் பிறகு வாசிக்க என்ன இருக்கு, அண்ணை?"

"நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறனான். இன்னும் பாதி கிடக்கு. அவ இந்தக் கிழமை தாண்டமாட்டா எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மருமகன்தான் செய்தவன் எண்டு அவ ஒரே பிடியா நிக்கிறா."

"மருமகன் இல்லை. கணக்கப்பிள்ளை."

அவர் புத்தகத்தை மூடினார்.

"மருமகன் எண்டே சொல்லுறன். கலியாணம் கட்டின நாளிலயிருந்து அவ சொன்னது சரி எண்டு நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை."

அன்று பின்னேரம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மனைவிக்கு நினைவு தப்பியிருந்தது. காதுக்குள் சொன்னாராம். செத்தவீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவவுக்குக் கேட்டிருக்குமோ, தம்பி?" என்றார்.

"ஓம்" என்றேன். எனக்குத் தெரியாது.

அதன்பின்னும் எத்தனையோ புத்தகங்களைச் சிபாரிசு செய்திருக்கிறேன். வாசித்து முடிக்கக் காலம் இல்லாத ஒருவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று மட்டும் இன்றுவரை எழுத முடியவில்லை.