வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை

என் மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயம் அது. கொல்லிமலையில், அரியூர் நாட்டில் எங்கள் வீட்டில் நான், கணவர், அவருடைய அக்கா, குழந்தை என நாலு பேர். அவர்கள் இருவரும் விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கி பி.ஏ. படித்தவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். கைக்குழந்தையை விட்டுவிட்டு எந்த வேலைக்குப் போவது? அதனால்தான் செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்காகவே போட்டது போல இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் டைப் செய்ய ஆள் தேவை. வீட்டிலிருந்தே செய்யலாம், கம்ப்யூட்டரும் அவர்களே தருவார்கள், முடித்ததை சிடியில் ஏற்றி கூரியரில் அனுப்பினால் போதும்.

எழுதிப் போட்டேன். முதலில் போனில் இன்டர்வியூ என்று பதில் வந்தது. வீட்டில் போன் கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்தின் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

அன்று குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். போனில் யார் புடவையைப் பார்க்கப் போகிறார்கள் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பூத்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். காலையில் என்று சொன்ன அழைப்பு வரவே இல்லை. அதற்குள் அன்னாசி ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் சேலம் மண்டிக்குப் பேச வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க. அந்தப் புள்ளைக்கு இன்டர்வியூ வருது" என்றார் பூத்காரர்.

"போன்ல என்னங்க இன்டர்வியூ?"

கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "பழம் வீணாப் போயிருமுங்க" என்றார் என்னைப் பார்த்து. எழுந்து வெளியே வந்தேன். அவர் மண்டிக்காரரோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். இந்நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்று கூண்டை ஒட்டியே நின்றேன்.

மதியம் போன் வந்தது. ஓர் ஆண் குரல். "என்னம்மா, உங்க லைன் கிடைக்கவே மாட்டேங்குது?" தாமதமாகக் கூப்பிட்டது அவர், மன்னிப்புக் கேட்டது நான்.

"கொல்லிமலையா? அருவி இருக்கே, அது பக்கமா?" என்றார். அங்கே தங்க ரூம் கிடைக்குமா, மலைத்தேன் சுத்தமாக இருக்குமா, குழந்தைகளைக் கூட்டி வந்தால் வளைவுகளில் வாந்தி எடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன். டைப்பிங் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றதும்தான் வேலை ஞாபகம் வந்தது அவருக்கு.

"ரொம்ப சத்தமா இருக்கே. வீட்ல அமைதியா ஒரு இடம் இல்லையா?"

"இது வீடு இல்லீங்க சார், பூத்துங்க."

"வீட்ல போன் இல்லையா?"

அதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். கடைசியில், நாமக்கல்லில் டைப்பிங் டெஸ்ட் வைக்கிறோம், வந்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் கணவரும் நானும் குழந்தையோடு இறங்கிப் போனோம். ஒரு லாட்ஜ் ஹாலில் டெஸ்ட். என் தாளைப் பார்த்த கம்பெனிக்கார அம்மா ஒருவர், "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். அடுத்த மேசையில் அந்தப் போன் குரல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஊருக்குக் கூரியர் வராதாமே?"

"கீழ சேந்தமங்கலம் வரைக்கும் வருங்க சார். என் கணவர் போய் வாங்கிட்டு வந்துருவார்."

"கரண்ட்?"

"போகும், வருமுங்க. இருக்கிற நேரத்துல உக்காந்து முடிச்சுருவேன்."

"கம்ப்யூட்டர் ரிப்பேரானா எங்க ஆள் மலையேறி வரணுமே."

"நாங்களே கீழ கொண்டாந்து தர்றோமுங்க."

அவர் பேனாவை மூடினார். "சரிப்பட்டு வராதும்மா. நாமக்கல்ல ஒரு வீடு பார்த்துக் குடி வந்தா சொல்லுங்க."

"வீட்டிலிருந்தே செய்யலாம்னுதானே சார் போட்டிருந்தீங்க?"

"வீட்டிலிருந்துதாம்மா. ஆனா வீடு டவுன்ல இருக்கணும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. புரியாத ஒருத்திக்குப் புரிய வைப்பது போலப் பொறுமையாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்றார். "வேண்டாங்க. பஸ்ஸுக்குப் போலாம்" என்றேன்.

மலை ஏறும்போது குழந்தை என் மடியில் வாந்தி எடுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா நான் புடவைக்காக அழுவதாக நினைத்து, "அலசுனாப் போயிருங் கண்ணு" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மலை மேலேயே ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. தினமும் நடந்து போய் வந்தேன். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு அந்த மனிதரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று, அடுப்பு முன்னால் நிற்கும்போதெல்லாம் வாய்க்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். அதிலும் நான் எதைச் சொன்னாலும் அவரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது.