அசையாத எண்பது பேர்

சித்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சத்தியநாதனிடம் திட்டு வாங்காத குடும்பம் அந்த ஊரில் குறைவு. கல்யாண ஜோடியானாலும் சரி, காணிப்பாக்கம் போய்விட்டு வந்த மொட்டைத் தலைகளானாலும் சரி, நாற்காலியில் உட்காரவைத்துத் தாடையைத் திருப்பி, "ரெடி, அசையாதீங்க" என்பார். இமை துடித்தால்கூடக் கத்துவார். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மனைவி லோயிஸ் உள்ளறையில் உட்கார்ந்து, படத்தில் விழுந்த அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் அழிப்பாள்.

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. மனுஷர்கள் நடக்கிற, சிரிக்கிற படம் எடுக்க வேண்டும் என்பது ஒரே ஆசை. அதற்கான சினிமா கேமரா ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது, மிஷன் துரையிடம். அறுபதாம் வருஷம் பிப்ரவரியில் துரை அவரைக் கூப்பிட்டு, "நான் ஏப்ரலில் தாய்நாடு திரும்புகிறேன். இக்கருவியை இவ்விடமே விட்டுச் செல்வேன். இயக்கத் தெரிந்த கைக்கே கொடுப்பேன்" என்று பைபிள் தமிழில் சொன்னார். எடுத்துக் காட்டச் சொல்லி, கேமராவோடு மூன்று பிலிம் சுருளும் கொடுத்தார். ஒரு சுருள் மூன்று நிமிஷம்கூட ஓடாது.

எதை எடுப்பது என்று சத்தியநாதன் யோசிக்கவே இல்லை. ஊரிலேயே ஓயாமல் ஆடுகிற கூட்டம் ஒன்றுதான். காலேஜ் புட்பால் டீமுக்காகக் கத்துகிற எண்பது பையன்கள். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி, தமிழில் ஒரு வரி தெலுங்கில் ஒரு வரி என்று அவர்கள் கத்தினால் எதிர் டீமில் கோல் காக்கிற கோலிக்குப் பந்து கைநழுவும். ஏப்ரலில் எல்லை மாறி, திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்குப் போகப்போகிறது, அந்தப் பக்கத்துப் பையன்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்களோ தெரியாது. திருப்பதி மேட்ச்தான் கடைசி. ஆட்டத்தை எடுப்பானேன், இந்தக் கூச்சல் எப்படித் தயாராகிறது என்று எடுத்தால் துரை அசந்துபோவார் என்று கணக்குப் போட்டார்.

முதல் சுருளுக்கு ஹாஸ்டல் பின்புறம் போனார். கொடிக்குப் பெயின்ட் அடிப்பதும் டின் தட்டுவதுமாக அமர்க்களப்பட்டது. கேமராவைத் தூக்கினார். அவ்வளவுதான், எண்பது பேரும் தலை வாரிக்கொண்டார்கள். குள்ளமானவர்கள் முன்னால் சம்மணம் போட்டார்கள், உயரமானவர்கள் பின்னால் போனார்கள், ஒருத்தன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். கைகள் தொடைமேல் போயின. மூச்சு நின்றது.

"கத்துங்கப்பா. இது ஓடுற படம்."

கூட்டத்தின் தலைவன் ஜெயச்சந்திரன், கார்வேட்டிநகரத்துக்காரன், உதடு அசையாமல் பதில் சொன்னான். "படம் புடிக்க சொல்லோ எப்பிடி சார் கத்தறது? எங்க அக்கா கல்யாணத்துல தும்மனதுக்கே நீங்க என்னை வெளிய அனுப்பிட்டீங்க."

கெஞ்சினார், அதட்டினார். சுருள் ஓடித் தீர்ந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

திருப்பதி மைதானத்தில் அதைவிட மோசம். பிலிம் மாற்ற லோயிஸையும் கூட்டிப் போயிருந்தார். பையன்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கேமராவோடு முன்னால் வந்து நின்றதும் எண்பது வாயும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன. இன்னாடா சத்தத்தையே காணோம் என்று சித்தூர் கோலி திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து பந்து உள்ளே போனது. சித்தூர் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. இரண்டாவது சுருளும் போனது.

ஆட்டம் முடிந்து பஸ்ஸருகில் கேமராவை லோயிஸ் கையில் திணித்துவிட்டு சத்தியநாதன் வெடித்தார். "ஏண்டா, நீங்கள்லாம் மனுசங்களா, மைல்கல்லா? ஒருத்தனாவது அசைஞ்சானா? என் பொழப்புல மண்ணைப் போட்டீங்களே."

"நாங்களா போட்டோம்?" என்றான் ஜெயச்சந்திரன். "ரெண்டு தடவையும் மிசினை அமுக்கறதுக்கு முன்னால நீங்கதான சார் 'ரெடி, அசையாதீங்க'ன்னீங்க. எங்களுக்கு கோலு விழுந்தது உங்களாலதான்."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"சொன்னீங்க சார்" என்றார்கள் எண்பது பேரும். டின் முழங்கியது. தோற்ற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து இரண்டு பாஷையிலும் அவர்மேல் கத்தினார்கள். ஜெயச்சந்திரன் அவரைப் போலவே கையை ஆட்டி, யாருடைய தாடையையோ திருப்பிக் காட்டினான். அவர் பதிலுக்குக் குதித்தார், வேட்டி அவிழ்ந்தது, பிடித்துக்கொண்டே குதித்தார். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் லோயிஸ், "மூணாவது சுருளும் ஆய்ப்போச்சுங்க" என்றாள். எப்படி என்று கேட்கும் தெம்புகூட அவருக்கு இல்லை.

பம்பாயில் கழுவி வந்த படத்தை மார்ச் கடைசியில் மிஷன் பங்களாவில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, போட்டுப் பார்த்தார்கள். முதல் இரண்டு சுருளிலும் எண்பது பேர் நின்றார்கள். ஒரு காக்கா மட்டும் பறந்தது. துரை இருமினார். சத்தியநாதன் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார்.

மூன்றாவது சுருளில் அவரே குதித்தார். சுற்றிலும் எண்பது வாயும் திறந்திருந்தன, டின்கள் ஆடின, ஜெயச்சந்திரன் அவராகவே மாறியிருந்தான். சத்தமே இல்லாத படத்தில் அத்தனை சத்தம். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அருமை. இதை எடுத்த கை யாருடையது?"

நான்தான் என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் திரையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரே அவர்தானே.

"லோயிஸ்" என்றார்.

ஏப்ரலில் துரை கப்பலேறினார். வெதுருகுப்பத்தில் மிஷன் நர்ஸ் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதை எடுக்க, கேமராவை மாட்டிக்கொண்டு லோயிஸ் முன்னால் நடந்தாள். கேமரா நிற்கிற முக்காலியைத் தூக்கிக்கொண்டு சத்தியநாதன் பின்னால் போனார். வரிசையில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்கள்.

லோயிஸ் கேமராவை இறக்கினாள். "என்னாங்க, நீங்க கொஞ்சம் அந்த மரத்துக்குப் பின்னால போய் நில்லுங்க."

முக்காலியை விரித்து வைத்துவிட்டு, அவர் போய் நின்றார்.