ஈக்கள் இல்லாத மூன்று நாட்கள்

கொல்லிமலைக்குக் காரில் போவதில்லை என்று முடிவெடுத்த அன்று என்மேல் எனக்கே மரியாதை வந்தது. பேருந்தில் போவோம். பிளாஸ்டிக் பாட்டிலைத் தொடமாட்டோம். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கையோடு வரும். மலையில் விளைந்ததையே சாப்பிடுவோம். எங்கள் குப்பையை நாங்களே திருப்பிக் கொண்டுவருவோம். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், கவிதைபோல இருந்தது.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் எங்கள் கோழிப்பண்ணை. கூண்டுகளுக்கு அடியில் எரு குவிந்துகொண்டே இருக்கும். காய்ந்து கிடக்கும்வரை அது எரு, நனைந்துவிட்டால் ஈ. இரண்டாம் கொட்டகையில் கோழிகள் தண்ணீர் குடிக்கும் குழாய் ஒழுகி, பத்து நாளாக எரு ஊறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் துணிப்பைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம புள்ளைக்கு வளைகாப்பு வெச்சிருக்கறனுங்க தம்பி. சங்ககிரியிலிருந்து சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. கண்ணாலத்துக்கு அப்பறம் மொதத் தடவையா நம்மூட்ல எலை போட்டு உக்கார்றாங்க. அந்த எருவ மட்டும் அதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா..." சொல்லும்போதே முந்தானையை முகத்தருகே விசிறிக்கொண்டார்.

"எடுத்துர்றனுங்கக்கா. லாரிக்குச் சொல்லியாச்சு."

அதுவரை சொல்லியிருக்கவில்லை.

அவர் கண் தாளில் விழுந்தது. "என்னுங்க, மளிகைச் சீட்டா?"

சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத சுற்றுலா என்று மகள் விளக்கினாள். புதன் போய் வெள்ளி சாயங்காலம் திரும்புகிறோம் என்றாள்.

"அட சாமி, போறப்ப அந்த ஈயையும் பஸ்ஸேத்திக் கூட்டிட்டுப் போயிருங்க, புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான். சிரிப்பு அடங்கிய பிறகுதான் வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. இங்கே பக்கத்துத் தோட்டத்தில் விசேஷம் என்றால் முதல் நாளே அரிவாள்மனையோடு போய்க் காய் நறுக்குவோம். என் மனைவி தடுமாறினாள். "அதுக்கென்னுங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று அக்கா வரப்பில் இறங்கினார்.

அன்றே மரவள்ளிக் காட்டுக்காரர் ஒருவரிடம் எருவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். செவ்வாய் சாயங்காலம் அவருடைய லாரிக்காரர் கூப்பிட்டார்.

"நாளைக்கு வெள்ளென வாரேனுங்க. ஆனா ஏத்தறப்ப நீங்க பக்கத்துல நிக்கோணும். போன தடவை தீவன மூட்டை மேல வண்டிய உட்டுட்டு நான் பட்ட பாடு!"

புதன் எருவை அள்ளிச் சுண்ணாம்பு தூவினால் வெள்ளிக்குள் ஈ பெரும்பாலும் அடங்கும். பயணத்தை ஒரு நாள் தள்ளினால் போதும். ஆனால் பைகள் வாசலில் வரிசையாக நின்றன. மகள் பேருந்து நேரம் எழுதிய தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. அவள் முன்னால் நல்ல அப்பாவாக இருக்கும் நாட்கள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

"சனிக்கெழம பாத்துக்கலாங்க" என்றேன்.

"யாருங்க, லாரியா?" என்றாள் மனைவி.

"ம். எல்லாம் ஆச்சு."

மலையில் சாமைச் சோறு, பலாச்சுளை, குளிர்ந்த காற்று. தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் என் இடது கை தானாக எழுந்து விசிறியது. விசிற ஒன்றுமில்லை. "ஈயே இல்ல பாருங்க!" என்றாள் மனைவி. வெள்ளி மதியம், அக்கா வீட்டில் இலை போடும் நேரத்தில், என்னால் சாப்பிட முடியவில்லை. பேருந்து ஒத்துக்கொள்ளாது என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன்.

மூன்று நாள் குப்பை ஒரு சிறு துணிப்பைக்குள் அடங்கிவிட்டது. மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை வளைவுகளையும் இறங்கி வந்தாள். வீடு வந்து அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனபோது அக்கா வந்தார். கையில் மூடி போட்ட தட்டு.

"நல்லபடியா நடந்துச்சுங்க" என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு ஊட்டுக்குள்ளதான் எலை போட்டோம். ஒரே புழுக்கம். ரெண்டு பேரு துண்டு வெச்சு வீசிக்கிட்டே நின்னாங்க. சம்பந்தியம்மா பாயசத்துல கை வெக்கல. புள்ளைதான் கொஞ்ச நேரம் அழுதுச்சு." பிறகு, குற்றம் சொல்லாத குரலில், "லாரிக்காரரு ஏமாத்திட்டாராட்ட இருக்குதுங்க" என்றார்.

அந்த வழியாகவே நான் தப்பித்திருக்கலாம். லாரிக்காரர் இங்கே இல்லை. ஈரக் கையோடு மகள் என்னைப் பார்த்தாள்.

"அவரு வாரேன்னுதானுங்க சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அப்படிங்களா" என்றார் அக்கா. தட்டை நீட்டினார். "தெறந்து வெச்சுறாதீங்க."

அவர் வரப்பைத் தாண்டி மறையும்வரை தட்டைப் பிடித்தபடி நின்றேன். மனைவி உள்ளே போய்விட்டாள். குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளை மகள் கிழிக்காமல், கசக்காமல், பொறுமையாகப் பிரித்தெடுத்துக் குப்பைப் பைக்குள் போட்டாள். தட்டின் மூடிமேல் இரண்டு ஈக்கள் வந்து உட்கார்ந்தன. வழக்கம்போல விசிற எழுந்த என் கை பாதியில் நின்றுவிட்டது. அவை எங்கள் வீட்டு ஈக்கள்.